பாலத்தின் நடுவில் அம்மாவின் முகம்

1

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் என் அண்ணன் மகன் செழியன் ஒரு கேள்வி கேட்டான். அவனுக்குப் பின்னால் தெருப் பிள்ளைகள் நாலைந்து பேர் போனுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சித்தப்பா, தனுஷா ஸ்கூலுக்குப் போகாம அடம் பிடிக்குதாமே? அங்கெல்லாம் அடிக்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க. அப்புறம் என்னத்துக்குப் பயம்?"

பின்னாலிருந்து இன்னொரு குரல், "மலேசியாவுலயும் பயந்தாங்கொள்ளி இருக்காங்களா?" என்றது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். சிரித்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டு அறைக் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. தனுஷா, என் மகள், அவ்வளவையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

பிள்ளைகளே, அதனால்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவோம், நானும்தான். நான் பத்தாவது வரை படித்தவன். ஜொகூர் பாருவில் தம்போய் என்கிற இடத்தில் கார்களுக்குப் பெயின்ட் அடிக்கிற பட்டறையில் வேலை செய்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். தனுஷாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்க. ஆனா நான் அழுததை ரொம்ப எழுதாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

2

எங்கள் வீட்டுக் காலை எப்படி இருக்கும் என்று முதலில் சொல்கிறேன்.

உங்கள் சித்தி மகேஸ்வரி இங்கே மலேசியாவிலேயே, சிகாமட் என்கிற ஊரில் பிறந்தவர். வேலை மட்டும் சிங்கப்பூரில், மின்பொருள் உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலை. இங்கே ஜொகூரில் வீடு, கடலைத் தாண்டி அடுத்த நாட்டில் வேலை என்று இருப்பவர்கள் ஏராளம். நடுவில் ஒரு பாலம். இந்தப் பக்கம் பாஸ்போர்ட் பார்க்கிற ஒரு குடிநுழைவுச் சோதனை, அந்தப் பக்கம் இன்னொன்று. போகும்போதும் உண்டு, வரும்போதும் உண்டு. பாலத்தில் வண்டிகள் நின்றுவிட்டால் 'ஜேம்' என்பார்கள். எங்கள் வீட்டில் ரொட்டியில் தடவுகிற ஜாமைவிட இந்த ஜேம்தான் அதிகம் அடிபடும்.

இருட்டோடு கிளம்பினால்தான் நேரத்துக்குப் போய்ச் சேர முடியும். அதனால் இங்கே பல வீடுகளில் ஒரு வழக்கம். தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல், விளக்கைக்கூடப் போடாமல், அம்மா கிளம்பிப் போய்விடுவார். எழுப்பினால் பிள்ளை அழும், தூக்கம் கெடும், பஸ் போய்விடும். சப்பாத்தை, அதாவது ஷூவை, கையில் எடுத்துப்போய் வாசலில் மாட்டிக்கொள்ளும் அம்மாக்களை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

தனுஷாவை எழுப்பி, பசியாற வைத்து, மோட்டார் சைக்கிளில் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என் வேலை. போன வருடம் நான்காம் ஆண்டில், அதாவது நான்காம் வகுப்பில், இருந்தபோது, திங்கட்கிழமைகளில் வயிறு வலி என்று தொடங்கினாள். பிறகு எல்லா நாளும் திங்கட்கிழமை ஆகிவிட்டது. கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, ஒன்றும் இல்லை என்றார். பள்ளியில் கொடுக்க மருத்துவ விடுப்புச் சீட்டு கொடுத்தார். மறு வாரமும் போனோம். ஒன்றும் இல்லாத வயிறு எப்படி வலிக்கும் என்று எனக்குக் கோபம்தான் வந்தது.

நம் ஊரில் நான் படித்த காலத்தில், ஒரு பையன் பள்ளிக்கு வராவிட்டால் வாத்தியார் நாலு பெரிய பையன்களை அனுப்புவார். அவர்கள் போய்க் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு வருவார்கள். என்னையும் ஒரு தடவை அப்படித் தூக்கிப் போயிருக்கிறார்கள். கண்மாய் வற்றி மீன் பிடிக்கிற நாள் அது. பள்ளிக்கூடத்தைவிட விரால் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. வகுப்பில் இறக்கிவிட்டதும் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டேன். பள்ளிக்குப் போகமாட்டேன் என்கிற பிள்ளை எல்லாம் விராலுக்காகத்தான் அழுகிறது என்று நாற்பது வயது வரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகவே ஒரு நாள் தனுஷாவையும் தூக்கி மோட்டாரில் உட்காரவைத்துவிட்டேன். அவள் கத்தவில்லை, உதைக்கவில்லை. என் முதுகோடு ஒட்டிக்கொண்டாள். பட்டறையில் கம்ப்ரசர் ஓடும்போது சுவரில் கை வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். அப்படி அவள் நெஞ்சு அடிப்பது என் முதுகில் தெரிந்தது. இது விரால் இல்லை என்று அப்போதே கொஞ்சம் உறைத்தது. ஆனால் என்ன என்று தெரியவில்லை.

3

வெகுநாள் கெஞ்சிக் கேட்டதில் ஒரே ஒரு விஷயம் சொன்னாள்.

"அம்மா இப்ப எங்க இருக்காங்கன்னு தெரிஞ்சா வயிறு வலிக்காதுப்பா."

இவ்வளவுதானா என்று ஆகிவிட்டது எனக்கு. வீட்டில் பழைய போன் ஒன்று கிடந்தது. அதில் மகேஸ் இருக்கிற இடத்தை வரைபடத்தில் காட்டும்படி செய்துகொடுத்தேன். என் போனிலும் அதையே வைத்துக்கொண்டேன். சின்ன வட்டத்துக்குள் மகேஸின் முகம். அவர் பஸ்ஸில் போனால் அந்த முகமும் ரோட்டில் போகும். பாலத்தில் ஏறினால் முகமும் நீலக் கடலுக்கு மேலே ஏறும்.

இங்கே பள்ளிக்குப் போன் கொண்டுபோகக் கூடாது. தெரிந்தேதான் அதை அவள் பையின் அடியில், உடற்பயிற்சிச் சட்டைக்குள் சுற்றி வைத்தேன். ஓய்வு நேரத்தில் மட்டும், ஒரே ஒரு முறை பார்ப்பது என்று பேச்சு.

வயிற்று வலி நின்றது. ஒரு மாதம் முழுக்கப் பள்ளிக்குப் போனாள். நான் மகேஸிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

"டாக்டரால முடியாததை நான் செஞ்சேனா இல்லையா?"

"ஆமா, பெரிய ஸ்பெஷலிஸ்ட்டு. பெயின்ட் அடிக்கிற ஸ்பெஷலிஸ்ட்டு" என்றார் மகேஸ். அவருக்கும் சந்தோஷம்தான்.

உண்மையில் என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒரு முறை என்பது இரண்டாகி, பாடத்துக்கு ஒரு முறையாகியிருக்கிறது. கழிவறைக்குப் போக அனுமதி கேட்பாள், உள்ளே போய்ப் பார்ப்பாள், வருவாள். வந்து உட்கார்ந்ததும், இதற்குள் அம்மா நகர்ந்திருப்பாரா என்று மறுபடி தோன்றும். அடக்கமான பிள்ளை, நன்றாக எழுதுகிற பிள்ளை. யாரும் சந்தேகப்படவில்லை.

4

அந்த மாதம் முடிந்த வாரம் மகேஸுக்கு இரவு ஷிஃப்ட். காலையில்தான் பாலத்தைத் தாண்டி வீடு திரும்புவார்.

பட்டறையில் ஒரு வேனுக்கு இரண்டாவது பூச்சு அடித்துக்கொண்டிருந்தேன். பள்ளியிலிருந்து போன். ஆலோசனை ஆசிரியை புஷ்பவதி டீச்சர் பேசினார். இங்கே பாடம் நடத்தாமல், பிள்ளைகளின் மனக்கஷ்டங்களைக் கேட்பதற்கென்றே ஓர் ஆசிரியர் இருப்பார். அவர்தான்.

"தனுஷா அப்பாவா? பதறாதீங்க. உங்க பிள்ளை டாய்லெட்டுக்குள்ள இருக்கு. கதவைத் திறக்க மாட்டேங்குது. பேசுது, ஆனா திறக்க மாட்டேங்குது. உடனே வர முடியுமா?"

முகமூடியைக் கழற்றினேனா, எங்கே போட்டேன், நினைவில்லை. மோட்டார் எப்படிப் பள்ளி வாசலுக்கு வந்தது என்றும் தெரியாது. கையெல்லாம் வெள்ளைப் பெயின்ட். காவலாளி பெயர் எழுதச் சொன்னார். பேனாவில் பெயின்ட் ஒட்டியது. அவரே எழுதிக்கொண்டு என்னை உள்ளே விட்டார்.

பெண் பிள்ளைகளின் கழிவறை வாசலில் கட்டொழுங்கு ஆசிரியர் ஆறுமுகம் சார் நின்றிருந்தார். உள்ளே, ஈரத் தரையில், புடவையோடு உட்கார்ந்திருந்தார் புஷ்பவதி டீச்சர். சாத்திய கதவின் அடியில் என் மகளின் வெள்ளைச் சப்பாத்து தெரிந்தது.

"தனுஷா, அப்பா வந்திருக்கேன்மா."

"அப்பா..." குரல் அவளுடையது மாதிரியே இல்லை. மூச்சு வாங்கி வாங்கி வந்தது. "அம்மா பாலத்துலயே நிக்கிறாங்கப்பா. நகரவே இல்ல."

"ஜேம்மா. வேற ஒண்ணும் இருக்காது."

"ஜேம்னா கொஞ்சமாச்சும் நகரும்ப்பா! நான் பார்த்துக்கிட்டே இருக்கேன். மூஞ்சி சாம்பலாப் போச்சு. அம்மா மூஞ்சி சாம்பலாப் போச்சுப்பா."

நான் என் போனை எடுத்துப் பார்த்தேன். ஆமாம். கடலுக்கு நடுவில், பாலத்தின் மேல், மகேஸின் முகம் வெளிறிப்போய் நின்றது. உடனே அவருக்கு அழைத்தேன். போகவில்லை. மறுபடி அழைத்தேன். போகவில்லை. சார்ஜ் தீர்ந்தால் இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அழைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஒண்ணும் ஆகாதும்மா, ஒண்ணும் ஆகாது, கதவைத் தொற" என்று கதவைத் தட்டினேன். தட்டத் தட்ட உள்ளே அழுகை கூடியது. ஆறுமுகம் சார், "கதவு மேல ஏறி உடைச்சிடலாமா டீச்சர்?" என்றார்.

புஷ்பவதி டீச்சர் கையைக் காட்டி எங்கள் இருவரையும் நிறுத்தினார். பிறகு கதவுக்கு அடியில், தரையோடு தரையாகத் தன் உள்ளங்கையை உள்ளே நீட்டினார்.

"தனுஷா, கதவைத் திறக்க வேணாம். அம்மாவைப் பத்தி எனக்கும் இப்பத் தெரியாது. தெரியாததை ஆமான்னோ இல்லன்னோ நான் சொல்ல மாட்டேன். என் கை தெரியுதா? உன் சப்பாத்தை என் கை மேல வை. மெல்ல அமுக்கு. ஆங். இப்ப விடு. மறுபடி அமுக்கு. அமுக்கும்போது மூச்சை வெளிய விடு. மெதுவா லா, என் கை உடைஞ்சிரும்."

உள்ளே லேசாக ஒரு சத்தம். அழுகையா சிரிப்பா தெரியவில்லை. டீச்சர் கையை எடுக்கவில்லை. அமுக்கு, விடு, அமுக்கு, விடு. எவ்வளவு நேரம் என்று நான் பார்க்கவில்லை. ஓய்வு மணி அடித்தது. பிள்ளைகள் வெளியே ஓடுகிற சத்தம் கேட்டது. ஆறுமுகம் சார் போய் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "அலமாக், ஐயையோ, குழாய் ஒடைஞ்சு போச்சு, அந்தப் பக்கம் போங்க" என்று பிள்ளைகளை அவர் விரட்டுவது காதில் விழுந்தது.

அப்புறம் தாழ்ப்பாள் நகர்ந்தது.

மகேஸ் பஸ் நிலையத்தில் ஒரு கடைக்காரரிடம் கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கொண்டு என்னை அழைத்தபோது, நாங்கள் ஆலோசனை அறையில் இருந்தோம். "என்னங்க, இவ்வளவு கோல் பண்ணியிருக்கீங்க?" என்றார். தனுஷா போனைப் பிடுங்கிக் காதில் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

5

இரண்டு நாள் கழித்து எங்கள் இருவரையும் பள்ளியில் கூப்பிட்டுப் பேசினார்கள். ஆறுமுகம் சார் மேசையில் பழைய போன் இருந்தது. விதிப்படி ஆண்டு இறுதியில்தான் திருப்பித் தருவார்களாம்.

"பிள்ளை கொண்டு வந்தா பிள்ளையைத் திட்டுவோம். அப்பாவே சுத்தி வச்சுக் கொடுத்தா யாரைத் திட்டுறது?" என்றார் சார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் சிரித்துவிட்டு, "உக்காருங்க. இந்த ஆட்டத்துல நானும் தோத்துட்டேன். நாலு வருஷமாப் பார்க்கிறேன், இந்தப் பிள்ளைய ஒரு தடவைகூட என் கண்ணு கவனிக்கல" என்றார்.

புஷ்பவதி டீச்சர் சொன்னார்: "நானும்தான். நாற்காலியைத் தள்ளுற பையன், சண்டை போடுற பையன், அவங்க என் ரூமுக்கு உடனே வந்துடுறாங்க. தனுஷா சத்தமே போடாது. எழுத்து அழகா இருக்கும். அழிச்சு அழிச்சுத் திரும்ப எழுதியிருக்கும், அதை நாங்க சுத்தம்னு நினைச்சோம். அடிக்கடி டாய்லெட் போகும், தண்ணி நிறையக் குடிக்குதுன்னு நினைச்சோம். யாராச்சும் அதைக் கேலி பண்றாங்களான்னுதான் முதல்ல நான் விசாரிச்சேன். அதுவும் தப்பு."

பிறகு மகேஸைப் பார்த்துக் கேட்டார்: "அம்மா எப்பவாச்சும் போயிட்டு, வராம இருந்திருக்கீங்களா?"

மகேஸ் ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

பிள்ளைகளே, பெருந்தொற்று வந்தபோது உங்களுக்குப் பள்ளி மூடியது நினைவிருக்கும். எங்களுக்குப் பாலம் மூடியது. நாளை முதல் யாரும் தாண்ட முடியாது என்று சொன்னார்கள். அந்தப் பக்கம் போய்விட்டால் வேலை இருக்கும், இந்தப் பக்கம் நின்றால் இருக்காது. இரண்டு வாரம்தான் என்றார்கள். துணிப்பையை எடுத்துக்கொண்டு ஆயிரக்கணக்கானவர்கள் அந்தப் பக்கம் ஓடினார்கள். மகேஸும் ஓடினார். இரண்டு வாரம் ஒரு வருடத்தைத் தாண்டியது. அப்போது தனுஷாவுக்கு ஐந்து வயது.

"அவ மத்தியானம் தூங்கிக்கிட்டு இருந்தா டீச்சர்," என்றார் மகேஸ். "எழுப்பினா விட மாட்டாளேன்னு... எல்லாரும் அப்படித்தான் போனோம். இப்பவும் தினமும் அப்படித்தான் போறேன். அவதான் பெரிய பிள்ளையாயிட்டாளே, மறந்திருப்பான்னு நினைச்சேன்."

"அவ தூங்கும்போதெல்லாம் அம்மா காணாமப் போறாங்க. அதான் அது மனசுல இருக்கு. அதை நீங்க வேணும்னு செய்யல. ஆனா இனிமே எழுப்பிச் சொல்லிட்டுப் போங்க."

"தூக்கம் கெட்டுருமே டீச்சர்?"

"கொஞ்சம் கெடட்டும்மா."

நான் போனைக் காட்டி, "இதை மட்டும் கொடுத்துடுங்க டீச்சர். இது இல்லன்னா அவ வகுப்புலயே உக்கார மாட்டா" என்றேன்.

"சார், இது மருந்து மாதிரி தெரியுது. ஆனா கொசுக்கடியைச் சொறியிற மாதிரி. சொறியும்போது சுகம், அப்புறம் இன்னும் அரிக்கும். அது பார்க்கப் பார்க்க, பார்க்காம இருக்கிறது இன்னும் கஷ்டமாகும்." பிறகு மெல்ல, "நீங்க ஒரு நாளைக்கு எத்தனை தடவை பார்க்கிறீங்க?" என்றார்.

மகேஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் என் போனைச் சட்டைப் பைக்குள் தள்ளினேன்.

சேர்ந்து சில காரியங்கள் முடிவு செய்தோம். தனுஷாவையும் உட்காரவைத்துத்தான் முடிவு செய்தோம். நெஞ்சு படபடக்கும்போது அவள் கை தூக்க வேண்டாம். பென்சில் பெட்டியைக் கவிழ்த்து வைத்தால் போதும். வகுப்பாசிரியை எதையாவது கொடுத்து, ஆலோசனை அறைக்குக் கொண்டுபோகச் சொல்வார். அங்கே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வகுப்புக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு ஓடக் கூடாது. அம்மா தாமதமாக வரலாம், போன் அணைந்து போகலாம், அதையெல்லாம் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது போதாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளைகளின் மனநல டாக்டரைப் பார்க்க எழுதித் தருவதாகவும் டீச்சர் சொன்னார். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்றும் சொன்னார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இப்போது இல்லை.

6

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் அது பொய்.

போன் இல்லாத முதல் வாரம் பள்ளி வாசலில் என் சட்டையை விடவே மாட்டாள். ஒரு நாள் பாதி வழியில் வாந்தி எடுத்தாள். இன்னொரு நாள் நன்றாகப் போய்விட்டு, மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை. பென்சில் பெட்டி காலையிலிருந்து மதியம் வரை கவிழ்ந்தே கிடந்த நாளும் உண்டு.

நடுவில் நானே ஒரு வேலை செய்து வைத்தேன். நான் இந்தியக் குடிமகன். இங்கே மனைவியோடு இருப்பதற்கான அனுமதியைக் காலாகாலத்தில் புதுப்பிக்க வேண்டும். குடிநுழைவு அலுவலகத்தில் நாள் முழுக்க நின்று, ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்த எரிச்சலில், "போற போக்கைப் பார்த்தா என்னைப் பிளேன் ஏத்தி ஊருக்கு அனுப்பிருவாங்க போல" என்று வேடிக்கையாகச் சொன்னேன். மகேஸ் சிரித்தார். தனுஷா சிரிக்கவில்லை. மறுநாள் ஆலோசனை அறையில், "அப்பாவும் போயிடுவாரா?" என்று கேட்டிருக்கிறாள். நமக்கு விளையாட்டுப் பேச்சு. அதைக் கேட்கிற பிள்ளைக்கு அப்படி இல்லை. அடுத்த முறை அலுவலகத்துக்கு அவளையும் அழைத்துப் போனேன். கடவுச்சீட்டில் புது அனுமதி ஒட்டியதை அவளே தடவிப் பார்த்து, தேதியைப் படித்துக்கொண்டாள்.

காலையில் மகேஸ் இப்போது அவளை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் போகிறார். முதல் நாட்களில் அழுகை. பிறகு, "குடை எடுத்துக்கிட்டீங்களா?" என்று அரைத் தூக்கத்தில் கேட்கிற அளவுக்கு வந்தது.

எனக்குத்தான் முடியவில்லை. அவளை வாசலில் விட்டுவிட்டு, எதிர்ப்பக்கக் கடை ஓரம் மோட்டாரை நிறுத்தி நின்றுகொள்வேன். அவள் வகுப்பு ஜன்னல் அங்கிருந்து தெரியும். எதற்கும் இருப்போம் என்று நிற்பேன். பட்டறைக்குத் தாமதமாகப் போய் முதலாளியிடம் திட்டு வாங்குவேன்.

இந்தத் திங்கட்கிழமை, "இன்னைக்கு பாலத்துல ரொம்ப ஜேமா இருக்கும், அம்மா வர லேட்டாகும்" என்று மகேஸ் சொல்லிவிட்டே போயிருந்தார். பள்ளி வாசலில் தனுஷாவின் உதடு வெளுத்திருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் கடை ஓரம் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் திரும்பி வாசலுக்கு வருவதைப் பார்த்தேன். இன்றைக்கும் போச்சு என்று மோட்டாரைத் தள்ளிக்கொண்டு ஓடினேன்.

"என்னம்மா? வீட்டுக்குப் போலாமா?"

"இல்லப்பா. நீங்க போங்க."

"நான் சும்மா ஓரமாத்தானே நிக்கிறேன்?"

"நீங்க அங்க நின்னா, என்னமோ நடக்கப் போகுது, அதுக்குத்தான் நிக்கிறீங்கன்னு தோணுது. வேலைக்குப் போங்கப்பா. பெல் அடிக்கப் போகுது."

காவலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் திரும்பி நடந்தாள். கால் பின்னிப் பின்னி நடந்தாள், ஆனால் நடந்தாள். படியில் ஏறி மறைந்த பிறகு மோட்டாரைக் கிளப்பினேன்.

பட்டறையில் என் போனை முதலாளியின் மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினேன். பிள்ளைகளே, ஒரு கார்க் கதவுக்குப் பூச்சு அடித்து முடிப்பதற்குள் எத்தனை முறை அந்த இழுப்பறையைத் திரும்பிப் பார்த்திருப்பேன் தெரியாது. கை வேலை செய்தது. நெஞ்சு, பள்ளி வாசலுக்கும் பாலத்துக்குமாக ஓடியது. இப்போது அழைத்திருப்பார்களோ, இப்போது ஏதாவது ஆகியிருக்குமோ. எனக்குப் பெரிய ஆள் உடம்பு. இதே பாட்டை அந்தச் சின்ன உடம்பு வைத்துக்கொண்டு, வாய்ப்பாடும் சொல்லி, கேள்விக்கும் பதில் எழுதிக்கொண்டு தினமும் உட்கார்ந்திருக்கிறது. அதற்குப் பெயர் பயந்தாங்கொள்ளி இல்லை.

மதியம் கூட்டிவரப் போனேன். முகம் களைத்திருந்தது. மோட்டாரில் ஏறுவதற்கு முன் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"போனப் பார்த்தீங்களா?"

"பார்க்கல."

"பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"எனக்கும்," என்றாள். பிறகு பின்னால் ஏறி உட்கார்ந்து, "ஆனா கணக்கு எல்லாம் முடிச்சிட்டேன்" என்றாள்.